விழுந்தவர்களின் வராந்தா

சென்ற வாரம் வாசல் நிலையைச் சீர்செய்ய வந்த தச்சர், வருஷக்கணக்கில் வெயிலும் உப்புக்காற்றும் பட்டுக் கறுத்துப்போயிருந்த படாக் மரத்தின்மேல் இழைப்புளியை ஓட்டியபோது, உள்ளிருந்து நல்ல சிவப்பு நிறத்தில் சுருள் சுருளாகச் சீவல் உதிர்ந்தது. அதனோடு இலேசானதொரு வாசனையும் எழுந்தது. அந்த வாசனை மூக்கில் பட்ட மாத்திரத்தில், தச்சர் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லவும் மறந்து, போர்ட் பிளேரின் ஹேடோப் பகுதியில் அக்காலத்தில் நாங்கள் குடியிருந்த தகரக் கூரை வேய்ந்த சர்க்கார் குவார்ட்டர்ஸையும், அதன் கூடத்தில் கிறிஸ்துமஸ் விடுமுறைதோறும் நடத்திவந்த போக்கர் போட்டியையும், அந்தப் போட்டிக்கென்றே இதே ஜாதி மரத்தில் கடைந்தெடுத்த வட்டுகளையும் நினைத்துக்கொண்டு நின்றுவிட்டேன்.

போர்ட் பிளேர் என்று நாங்கள் அறிந்த ஊருக்கு 2024 முதல் ஸ்ரீவிஜயபுரம் என்று பெயர். பெயர் எதுவாயினும், அவ்வூரின் மாலைப்பொழுதை அனுபவித்திராதவர்களுக்கு அங்கே சீட்டாட்டம் ஏன் அவ்வளவு அவசியமாயிற்று என்பது எளிதில் விளங்காது. தேசத்தின் கடிகாரம் 82.5 பாகை தீர்க்கரேகையை அனுசரித்து ஓடுகிறது. அந்தமானோ ஏறக்குறைய 93 பாகையில் கிடக்கிறது. ஆகையால் சூரியன் எங்களுக்கு நாற்பது நிமிஷம் முந்தியே உதித்து, முந்தியே அஸ்தமித்துவிடும். மார்கழியில் ஐந்து மணிக்கெல்லாம் இருட்டிவிடும். ஆபீஸ் விட்டு வந்து, முகம் கழுவி, காப்பி குடித்து நிமிர்ந்தால் ராத்திரி. சாப்பாட்டு வேளைக்கோ இன்னும் மூன்று மணி நேரம் இருக்கும். தொலைக்காட்சி எங்கள் வரிசைக்கு வந்துசேராத காலம். போய்ப் பார்த்துவரலாம் என்றால் ஊரில் உறவென்று ஒருவரும் இல்லை. உறவெல்லாம் சுமார் 1,190 கிலோமீட்டர் கடலுக்கு அப்பால் சென்னையிலும் அதற்குத் தெற்கேயும் இருந்தது. வைகாசியில் பிடித்த மழை மார்கழி வரையில் விட்டுவிட்டுப் பெய்துகொண்டே இருக்கும். அண்டை அயலார்தான் சுற்றம். அவர்களோடு உட்கார்ந்து பொழுதைக் கழிக்க ஏதாவதொரு வியாஜம் வேண்டியிருந்தது.

சீட்டுக்கட்டு இல்லாத வீடு எங்கள் வரிசையில் இல்லை. ஆனால் வீட்டுக்கு வீடு ஆட்டம் வேறு. எங்களுக்கு இடப்பக்கம் குடியிருந்த மலையாளத்துக் கணித ஆசிரியர் வீட்டில் இருபத்தெட்டு ஆடுவார்கள். ஜாக்கிக்கு மூன்று, ஒன்பதுக்கு இரண்டு, ஆஸுக்கும் பத்துக்கும் ஒவ்வொன்று என்று கூட்டினால் நான்கு ஜாதிக்கும் 28 வரும். எதிர்வீட்டில், கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து அகதிகளாக வந்து தீவில் குடியமர்த்தப்பட்ட குடும்பத்தைச் சேர்ந்த வங்காளி ஒருவர் இருந்தார். தாதா என்றே எல்லோரும் அவரை அழைத்தோம். அவர் வீட்டு ஆட்டமும் அதே ஜாக்கி, அதே ஒன்பதுதான். ஆனால் கடைசிப் பிடிக்கு ஒரு புள்ளி சேர்த்து அதற்கு இருபத்தொன்பது என்று பெயர். இந்த ஒரு புள்ளியின் நிமித்தம் ஆசிரியரும் தாதாவும் ஒரே பாயில் உட்கார்ந்து ஆட முடியாமலே பல வருஷங்கள் கழிந்தன. தமிழர்களாகிய நாங்களும் தெலுங்கு ஸ்நேகிதர்களும் பதின்மூன்று சீட்டு ரம்மிக்காரர்கள். ஸ்கூட்டுக்கு இருபது, நடுவில் விட்டால் நாற்பது, முழுக்கை மாட்டிக்கொண்டால் எண்பது என்று ராத்திரி முழுவதும் கணக்குப் போடுவோம். சர்க்கார் அச்சகத்தில் உத்தியோகம் பார்த்த மற்றொரு தமிழர், 1964-ஆம் வருஷத்து சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின் பேரில் இலங்கையிலிருந்து திரும்பி, நிக்கோபார்த் தீவுகளில் ஒன்றான கச்சாலில் ரப்பர்த் தோட்டத்தில் குடியேற்றப்பட்ட குடும்பத்தில் வளர்ந்தவர். அவர் முந்நூற்றி நாலு என்ற ஆட்டத்தைத் தவிர மற்றதை ஆட்டமாகவே கருதமாட்டார். அதில் ஜாக்கிக்கு முப்பது, ஒன்பதுக்கு இருபது. துருப்பை அவர் துரும்பு என்பார். இப்படி ஒரே வரிசையில், ஒரே மழையைக் கேட்டுக்கொண்டு, நாலு வீட்டில் நாலு ஆட்டம் தனித்தனியே நடந்துகொண்டிருந்தது.

இதற்கு மருந்தாகப் போக்கர் வந்தது கப்பல் பிரயாணத்தால்தான். விடுமுறைக்குச் சென்னை போய்த் திரும்புவது அக்காலத்தில் ஹர்ஷவர்தனாவிலோ அக்பரிலோதான். பங்க் வகுப்பில் மூன்று நாள் யாத்திரை. முதல் நாள் தலைசுற்றலில் போகும். இரண்டாம் நாள் தலை நிமிர்ந்ததும் மேல்தளத்தில் ஜமக்காளம் விரிப்பார்கள். அப்படி விரித்த ஒரு ஜமக்காளத்தில்தான், வெளிநாட்டுச் சரக்குக் கப்பல்களில் வேலை பார்த்து ஊருக்குத் திரும்பிக்கொண்டிருந்த ஒரு மரைன் எஞ்சினீயர், டெக்ஸாஸ் ஹோல்டம் என்ற போக்கர் வகையை எனக்குச் சொல்லிக்கொடுத்தார். ஒவ்வொருவருக்கும் கையில் இரண்டே சீட்டு. அதை மற்றவர் பார்க்கலாகாது. நடுவில் எல்லோருக்கும் பொதுவாக முதலில் மூன்று, பிறகு ஒன்று, பிறகு மற்றொன்று என்று ஐந்து சீட்டுகள் திறக்கப்படும். ஏழில் சிறந்த ஐந்தைச் சேர்ப்பவனே ஜயித்தவன். ஆனால் ஒவ்வொரு கட்டத்திலும் பந்தயம் உண்டாகையால், கை சரியில்லாதவனும் முகத்தைச் சலனமில்லாமல் வைத்துக்கொண்டு பந்தயத்தை உயர்த்தி, நல்ல கை வைத்திருப்பவனை விலகச் செய்துவிடலாம். எஞ்சினீயர் விளக்கிக்கொண்டே போகையில், எங்கள் வரிசையில் யாருடைய பாட்டி வீட்டிலும் ஆடியிராத ஆட்டம் இது என்ற எண்ணமே எனக்கு ஓங்கி நின்றது. யாருக்கும் சொந்தமில்லாத ஆட்டத்தில் எல்லோரும் ஒரே படியில் நின்று தொடங்கலாமல்லவா?

வட்டுகளைச் செய்துகொடுத்தவர் சாத்தம் பக்கத்துக் கடைசல்காரர் ஒருவர். 1883-இல் ஏற்பட்ட சாத்தம் மர அறுவை ஆலையை ஒட்டி அந்நாளில் துண்டு மரம் மலிவாகக் கிடைக்கும். படாக்கில் சிவப்பு, வெள்ளைச் சுக்ளத்தில் வெளிர் நிறம், கறுப்பும் சாம்பலும் வரிவரியாக ஓடும் மார்பிள்வுட்டில் மூன்றாவது என்று மூன்று மரத்தை அவர் தேர்ந்தெடுத்தார். ஒவ்வொன்றையும் உருட்டுக் கழியாகக் கடைசல் பிடித்து, மெல்லிய ரம்பத்தால் சில்லுச் சில்லாக அறுத்து, இருபுறமும் உப்புத்தாள் தேய்த்து, விளிம்பில் தேன்மெழுகு பூசிக் கொடுத்தார். வெள்ளைக்கு ஐந்து, சிவப்புக்கு இருபத்தைந்து, வரிமரத்துக்கு நூறு என்று மதிப்பு வைத்தோம். நல்ல கை வந்துவிட்டால் மார்பிள்வுட் வட்டுகளை விரலிடுக்கில் வைத்து ஒன்றன்மேல் ஒன்றாக நழுவவிடுவது ஆசிரியரின் வழக்கம். அதிலெழும் கனத்த சப்தமே அவர் கையைக் காட்டிக்கொடுத்துவிடும். 2002-இல் உச்ச நீதிமன்றம் தீவுகளில் மரம் வெட்டுவதைக் கடுமையாகக் கட்டுப்படுத்தியபின் அப்படிப்பட்ட துண்டு மரங்கள் கண்ணில் படுவதே அபூர்வமாகிவிட்டது. காடு பிழைக்க வேண்டுமானால் அது அவசியந்தான் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆயினும் அந்தக் கடைசல்காரரின் கைத்திறன் அடுத்த தலைமுறைக்குப் போகாமல் நின்றது பற்றிய வருத்தம் வேறு.

போட்டியன்று பன்னிரண்டு பேர். இரண்டு மேஜைக்கு ஆறு ஆறாக உட்காருவோம். ஒருவருக்கு இருபது வெள்ளை, பன்னிரண்டு சிவப்பு, ஒரு வரிவட்டு என 500 மதிப்பு கொடுப்போம். ஒவ்வொரு ஆட்டத்திலும் சீட்டைப் பார்க்குமுன்பே இருவர் வைத்தாக வேண்டிய பிளைண்ட் பந்தயம் முதலில் ஐந்தும் பத்துமாகத் தொடங்கும். என் மனைவியின் சமையலறை அலாரம் கடிகாரம் இருபது நிமிஷத்துக்கொரு முறை அடிக்கும். அடித்ததும் அந்தத் தொகை உயரும். உயர்த்தாவிட்டால் பொறுமைசாலிகள் விடியும் வரையில் உட்கார்ந்திருப்பார்கள். இவையெல்லாம் உலகெங்கும் உள்ள விதிகள். ஆனால் எங்கள் தீவுக்கென்று பிரத்தியேகமான விதிகள் சில இருந்தன. மழை வலுத்துத் தகரக் கூரை அதிர ஆரம்பித்தால் பக்கத்திலிருப்பவர் பேசுவது கேட்காது. ஆகவே வாயால் சொன்ன பந்தயம் செல்லாது, வட்டை முன்னே தள்ளினால்தான் செல்லும். ஈரக்காற்றில் சீட்டு ஊறித் தடித்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஆகவே ஆட்டத்துக்கு ஆட்டம் கேரம் பலகைப் பவுடரை உள்ளங்கையில் கொட்டித் தேய்த்துக்கொண்டுதான் சீட்டுக் கலைக்க வேண்டும். போட்டி முடிந்ததும் கட்டுகளை, வறுத்து ஆறவைத்த அரிசியோடு பிஸ்கட் டின்னில் போட்டு மூடிவைப்பது என் மனைவியின் ஏற்பாடு.

மின்சாரம் போனால் சீட்டைக் கவிழ்த்து அதன்மேல் கையை வைத்துக்கொண்டு, விளக்கு வரும் வரையில் யாரும் அசையக்கூடாது என்பது மற்றொரு விதி. டீசல் ஜெனரேட்டர்களின் தயவில் வெளிச்சம் பெற்ற ஊராகையால் அதற்கு வேலை அடிக்கடி இருந்தது. ஒரு வருஷம் கடைசி மூவர் எஞ்சியிருந்த சமயம். தாதாவின் மனைவி பௌதி, தம் முன்னேயிருந்த வட்டுகள் அனைத்தையும் இரு கையாலும் நடுவே தள்ளிவிட்டார். அதற்கு முன் மூன்று மணி நேரத்தில் அவர் பேசிய பேச்சு மொத்தம் பத்து வார்த்தைக்குமேல் இராது. எதிரே ரம்மியில் ஊறிய தெலுங்கு ஸ்நேகிதர். அவர் கையில் ராஜா ஜோடி இருந்ததென்று பிறகு தெரிந்தது. அவர் யோசித்துக்கொண்டிருக்கையில் விளக்கு அணைந்தது. இருட்டில் மழை, சமையலறையில் மனைவி தீப்பெட்டி தேடும் சப்தம். மெழுகுவர்த்தி வந்தபோது பௌதியின் கை, விளக்கு அணையும்போது இருந்த இடத்தில் மயிரிழையும் நகராமல் சீட்டின்மேல் இருந்தது. அவர் மூச்சு விடுவதுகூடத் தெரியவில்லை. ஸ்நேகிதர் அந்தக் கையை நெடுநேரம் பார்த்தார். பிறகு, "நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள் அம்மா" என்று தம் ராஜாக்களை மடக்கிவிட்டார். பௌதி வைத்திருந்தது ஏழும் இரண்டும், வெவ்வேறு ஜாதியில்; அந்த ஆட்டத்தில் அதைவிட மோசமான தொடக்கக் கை கிடையாதென்பார்கள். இதை அவர் எங்களுக்குச் சொன்னது பல வருஷங்கள் கழித்து, தம் மகள் கல்யாணப் பந்தியில்.

விருந்தோம்புகிறவனுக்கு இந்த ஆட்டம் வைக்கும் சோதனை ஒன்று உண்டு. ரம்மியில் தோற்றவன் அடுத்த ஆட்டத்திலும் இருப்பான். போக்கர் போட்டியிலோ வட்டு தீர்ந்தவன் எழுந்துவிட வேண்டியதுதான். லாஸ் வேகாஸில் பென்னி பினியன் என்பவர் தம் ஹார்ஸ்ஷூ சூதாட்ட விடுதியில் 1970-இல் உலகப் போக்கர் தொடரை ஆரம்பித்தபோது, முதல் வருஷம் ஜானி மாஸ் என்பவரை ஆட்டக்காரர்களே வாக்களித்துச் சாம்பியனாகத் தேர்ந்தெடுத்தார்களாம். அடுத்த வருஷம் முதல்தான், கடைசி ஒருவன் எஞ்சும் வரையில் மற்றவர்களை வெளியேற்றும் முறை வந்தது. அந்த முறை பந்தயத்துக்குச் சுவை கூட்டுவதுதான். ஆனால் மழையில் குடை பிடித்து, பெண்டு பிள்ளைகளோடு நம் வீட்டுக்கு வந்தவர், முதல் அரைமணியிலேயே தோற்று, மற்றவர்கள் ஆடுவதைப் பார்த்துக்கொண்டு நாலு மணி நேரம் சுவரோரம் உட்கார்ந்திருப்பது எந்த வீட்டுக்காரன் சகிக்கத்தக்க காட்சி? முதல் வருஷம் கச்சால்காரர் அப்படி உட்கார்ந்திருந்தார். என் மனைவி அவரிடம் சூரைமீன் கட்லெட் தட்டை நீட்டி, "அண்ணா, வராந்தாவிலே பாய் போட்டிருக்கிறேன், உங்கள் முந்நூற்றி நாலை எனக்கும் கொஞ்சம் சொல்லிக்கொடுங்களேன்" என்றாள்.

அதிலிருந்து அந்த வீட்டின் சரித்திரம் மாறியது. கூடத்தில் விழுந்தவர் ஒவ்வொருவராக வராந்தாவுக்குப் போனார்கள். இரண்டாவதாக விழுந்தவர் ஆசிரியர், மூன்றாவது தாதா. நாலு பேர் சேர்ந்ததும் முந்நூற்றி நாலுக்குக் கை பூர்த்தியாயிற்று. அது முடிந்ததும் இருபத்தெட்டு. பிறகு, இத்தனை வருஷம் நடவாதது, அதே பாயில் இருபத்தொன்பது. கடைசிப் பிடியின் ஒற்றைப் புள்ளியைப் பற்றி ஆசிரியரும் தாதாவும் தீவின் பொது பாஷையாகிய ஹிந்தியில் வாதாடினார்கள், வாதாடிக்கொண்டே ஆடினார்கள். முரி என்ற பொரியில் கடுகெண்ணெயும் பச்சைமிளகாயும் பிசைந்து பௌதி கொண்டுவந்து வைத்தார். ஆசிரியரின் மனைவி சேச்சி நேந்திரம்பழம் பொரித்தார். வட்டத்தில் இடம் இல்லாதபோது புதிதாக விழுந்தவருக்கு உள்ளே சீட்டுப் போடும் உத்தியோகம் கொடுத்தோம். இரண்டு மூன்று வருஷங்களில் வராந்தாவின் சிரிப்பு கூடத்துக்குக் கேட்டு, உள்ளே நல்ல கை வைத்திருப்பவர்களே நிலைகொள்ளாமல் வட்டை அள்ளி வைத்துவிட்டு எழுந்துபோவதையும் நான் கண்டிருக்கிறேன். அத்தனை பேரையும் ஒரு கூரையின்கீழ் சேர்த்தது போக்கர். அவர்களை ஒருவர் பாயில் ஒருவர் உட்காரவைத்தது அதில் அடைந்த தோல்வி. ஜயித்தவர்களின் பெயர்ப் பட்டியலை இன்று கேட்டால் எனக்குச் சரியாகச் சொல்ல வராது. விழுந்து வராந்தாவுக்குப் போனவர்கள் எந்த மூலையில் உட்கார்ந்தார்கள் என்பதைச் சொல்லிவிடுவேன்.

பணம் வைத்து ஆடியதில்லை. பரிசு பெரும்பாலும் காய்கறிதான். தீவின் காய்கறியில் பெரும்பகுதி கப்பலில் வரவேண்டியது. கப்பல் தாமதித்த வாரத்தில் சின்ன வெங்காயமும் முருங்கைக்காயும் அபர்தீன் பஜாரில் கண்ணுக்குத் தெரியாது. அப்படியொரு டிசம்பரில், துறைமுகத்திலிருந்து எப்படியோ தேடிப்பிடித்து வாங்கிய இரண்டு கிலோ சின்ன வெங்காயத்தை முதல் பரிசாக வைத்தோம். ஜயித்த ஆசிரியர் அதைத் தம் வீட்டுக்கு எடுத்துப்போகாமல் அங்கேயே முறத்தில் கொட்டி, வீட்டுக்கு வீடு கைப்பிடியாகப் பங்கிட்டார்.

2004 டிசம்பர் 25, சனிக்கிழமை. அன்றும் போட்டி நடந்தது. இரவு நேரமாகிவிட்டதால் தூரத்திலிருந்து வந்திருந்தவர்கள் வராந்தாவிலேயே படுத்துவிட்டார்கள். மறுநாள் காலை ஆறரை மணிக்குச் சற்று முன்பு பூமி அதிர்ந்தபோது எல்லோரும் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு தெருவில் நின்றோம். நிலை கொள்ளாமல் ஆடிய ஆட்டம் நிமிஷக்கணக்கில் நீடித்தது. கச்சால்காரரும் எங்களோடு நின்றார். கச்சாலிலிருந்து செய்தி வரப் பல நாட்களாயின. வந்த செய்தியில் அவருடைய தாய்மாமன் வீடு முழுவதும் இல்லை. சிப்பிகாட்டில் நெல் விளைந்த வயல்களில் கடல் புகுந்தது புகுந்தபடியே நின்றுவிட்டது. நிக்கோபாரிலிருந்து கொண்டுவரப்பட்டவர்கள் பள்ளிக்கூடங்களில் தங்கியிருந்த ஜனவரி மாதத்தில், முகாமுக்குப் போய்வந்துகொண்டிருந்த அவர் ஒருநாள் வந்து, அரிசி டின்னிலிருக்கும் சீட்டுக்கட்டுகளைக் கொடுக்க முடியுமா என்று கேட்டார். "சோறு இருக்குது, துணி இருக்குதுங்க. ராத்திரிதான் போகமாட்டேங்குது" என்றார். இருந்த கட்டுகள் எல்லாவற்றையும் கொடுத்தோம். அவை திரும்பி வரவில்லை, நாங்கள் கேட்கவும் இல்லை. எங்கள் வீட்டில் அதன்பின் மூன்று நாலு கிறிஸ்துமஸ்கள் விளக்கேற்றிச் சாப்பிட்டதோடு சரி.

சீட்டாட்டம் குடியைக் கெடுக்கும் என்று சொல்லக் கேட்டு வளர்ந்தவன்தான் நானும். பணம் புகுந்த இடத்தில் அந்தச் சொல் பொய்யல்ல. ரம்மி பெரும்பாலும் திறமை சார்ந்த ஆட்டம், மூன்று சீட்டுப் போன்றவை முற்றும் அதிர்ஷ்டம் சார்ந்தவை என்று உச்ச நீதிமன்றம் 1967-இலேயே பிரித்துச் சொல்லியிருக்கிறது. போக்கரை எந்தப் பக்கம் வைப்பது என்று எங்கள் ஆசிரியரைக் கேட்டால், முதல் இரண்டு சீட்டாக ஆஸ் ஜோடி 221 முறைக்கு ஒருமுறைதான் வரும், மற்ற 220 முறையும் நீ என்ன செய்கிறாய் என்பதுதான் ஆட்டம் என்பார். ஆனால் 2020-இல் சென்னையிலிருந்து கடலடிக் கண்ணாடி இழை கேபிள் வந்து சேர்ந்து, இண்டர்நெட் வேகம் பெற்றபின், எங்கள் தெருப் பிள்ளைகளில் இரண்டொருவர் கைபேசியில் முகந்தெரியாதவர்களோடு பணம் வைத்து ஆடி, தாய் தகப்பனின் சேமிப்பை இழந்து நின்றதைக் கண்ணால் பார்த்தேன். 2025-இல் பணம் வைத்தாடும் இணைய ஆட்டங்களைத் தடுத்து மத்திய சட்டம் வந்தபோது அதை நான் மனமார வரவேற்றேன். தோற்றவனுக்குப் பாய் விரிக்க ஆளில்லாத இடத்தில் ஆட்டம் நடத்தலாகாது என்பது என் திடமான அபிப்பிராயம்.

உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றுக் கராச்சரமாவில் சொந்த வீடு கட்டியபின் போட்டி மறுபடியும் தொடங்கியது. ஆசிரியர் ஊருக்குப் போய்விட்டார், தாதா காலமாகிவிட்டார். பௌதி வருகிறார். அவருடைய பேத்தி, பாட்டியைப்போலவே பேசாமல் உட்கார்ந்து, போன வருஷம் கடைசி மூவரில் ஒருத்தியாக வந்தாள். இப்பொழுதெல்லாம் சீட்டு பிளாஸ்டிக்கில் வருவதால் ஊறுவதில்லை; பவுடரும் அரிசியும் வேண்டியதில்லை. கூரை காங்கிரீட் ஆகையால் பேச்சு கேட்கிறது. ஆனாலும் வட்டைத் தள்ளினால்தான் பந்தயம் என்ற விதியைப் பிள்ளைகள் கைவிட மறுக்கிறார்கள். அவர்களில் ஒருவருக்கும் முந்நூற்றி நாலு தெரியாது என்பதை அறிந்து, கச்சால்காரர் இந்த வருஷம் தாம் போட்டியிலேயே சேரப்போவதில்லை என்றும், சாயங்காலம் ஐந்து மணிக்கே வந்து வராந்தாவில் உட்கார்ந்து முதலில் விழுகிறவர்களுக்காகக் காத்திருக்கப்போவதாகவும் சொல்லியனுப்பியிருக்கிறார். அவருக்கு முழங்கால் மடங்குவதில்லை. பாய்க்குப் பதில் தாழ்வான பலகை ஒன்று செய்துதரும்படி தச்சரிடம் சொல்லியிருக்கிறேன்.